மேற்கே போகும் ரயில் – 14: பன்னிரண்டு பேரும் பதினான்கு நாளும்

ஆவடி டாங்கித் தொழிற்சாலையிலிருந்து 1965 டிசம்பரில் முதல் விஜயந்தா வெளியே வந்த கதையோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். அந்த டாங்கியை யார் வாங்குவார் என்ற கேள்வி அங்கே யாருக்கும் எழுந்ததில்லை. ராணுவம் கேட்டது, செய்தார்கள். பாடியில் லூகாஸ் டிவிஎஸ், வீல்ஸ் இந்தியா, அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ், டன்லப் என்று ஆலைகள் வரிசையாக வந்தபோது, அவற்றைச் சுற்றி முளைத்த சின்னப் பட்டறைகளுக்கும் ஓரளவு அதே நிம்மதி இருந்தது. கைக்கு ட்ராயிங் வரும், கூடவே ஆர்டர் வரும், அதற்குப் பிறகுதான் லேத் ஓடும். பணம் தாமதமாகலாம், பார்ட்டி இழுத்தடிக்கலாம். ஆனாலும் பார்ட்டி யார் என்று தெரியும். அவருடைய ஆபீஸ் வாசலில் போய்க் காலையிலேயே உட்கார்ந்துகொள்ளலாம்.

இந்த வாரம் பேசப்போகும் தொழிலுக்கு அப்படியொரு வாசல் கிடையாது.

ஆவடியில் வேல்டெக், பூந்தமல்லி பக்கம் பனிமலர், எஸ்.ஏ., அம்பத்தூர்–செங்குன்றம் சாலையில் வேலம்மாள் என்று இந்தப் பகுதி முழுக்கப் பொறியியல் கல்லூரிகள். அங்கே கணினி படித்துவிட்டு வருகிறவர்களில் பெரும்பாலானோர் அம்பத்தூர் தொழிற்பேட்டையான எஸ்டேட்டில் உள்ள ஐ.டி. கம்பெனிகளுக்கோ போரூருக்கோ ஓ.எம்.ஆருக்கோ போய்விடுகிறார்கள். சிலர் மட்டும் வேலை முடிந்து வீடு திரும்பிய பிறகு இன்னொரு வேலையைத் தொடங்குகிறார்கள். திருமுல்லைவாயலிலோ கள்ளிக்குப்பத்திலோ காட்டுப்பாக்கத்திலோ ஒரு மாடி அறை, ஒரு லேப்டாப், சொந்தமாக ஒரு ஆப். கடைக்காரர் பில் போடுவதற்கான செயலியாக இருக்கலாம். டியூஷன் எடுப்பவர்கள் ஃபீஸ் கணக்கு வைத்துக்கொள்ள உதவுவதாக இருக்கலாம். இன்னும் சிலர் சக டெவலப்பர்களுக்கான சேவைகளைக் கட்டுகிறார்கள்: ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்குத் தரவை மாற்றித் தருவது, படத்தைச் சுருக்கித் தருவது, சர்வர் விழுந்தால் உடனே தகவல் அனுப்புவது போன்றவை. இவற்றைப் பொதுமக்கள் பார்க்கவே மாட்டார்கள். வேறொரு நாட்டு டெவலப்பர்தான் இவற்றின் வாடிக்கையாளர்.

எழுதுவதைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. அது முன்னெப்போதையும்விட எளிதாகிவிட்டது. பாடங்கள் இலவசம், கருவிகள் இலவசம், தொடக்க அளவிலான சர்வரும் பெரும்பாலும் இலவசம். எழுதி முடித்த மறுநாள் காலைதான் உண்மையான தொழில் தொடங்குகிறது.

2008 ஜூலையில் ஆப்பிள் தன் ஆப் ஸ்டோரைத் திறந்தது. அதே ஆண்டு அக்டோபரில் கூகுளின் ஆண்ட்ராய்டு மார்க்கெட் வந்தது. 2012இல் அது ப்ளே ஸ்டோர் என்று பெயர் மாறியது. ஆப்பிளில் கணக்கு வைத்திருக்க ஆண்டுக்கு 99 டாலர். கூகுளில் ஒரே முறை 25 டாலர். இந்தியாவில் பெரும்பாலானோர் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு என்பதால் நம் மாடி அறைக்காரர் முதலில் போவது ப்ளே ஸ்டோருக்குத்தான். நீண்ட காலம் அங்கே நடைமுறை எளிமையாக இருந்தது. பணம் கட்டு, ஆப்பை ஏற்று, சில நாள் காத்திரு, வெளியாகிவிடும்.

2023 நவம்பர் 13க்குப் பிறகு தொடங்கப்பட்ட தனிநபர் கணக்குகளுக்கு அது மாறிவிட்டது. ஆப்பை எல்லாருக்கும் திறந்துவிடும் முன்பு குறைந்தது 20 பேர் அதை நிறுவி, இடைவிடாமல் 14 நாள் சோதனையில் இருக்க வேண்டும் என்று கூகுள் விதித்தது. எதிர்ப்பு வந்தபின் 2024 டிசம்பரில் 20 பேர் என்பது 12 ஆனது. 14 நாள் அப்படியே இருக்கிறது. அது முடிந்ததும் விண்ணப்பம். யார் சோதித்தார்கள், என்ன சொன்னார்கள், நீ என்ன திருத்தினாய் என்ற கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். திருப்தி இல்லையென்றால் மறுபடி முதலிலிருந்து. பதிவுபெற்ற நிறுவனமாக இருந்தால் இந்தச் சோதனை கிடையாது. ஆனால் அதற்கு டன்ஸ் எண் என்ற ஒன்பது இலக்க அடையாளம் வேண்டும், அதற்கு முதலில் நிறுவனம் வேண்டும்.

விதிக்குக் காரணம் இருக்கிறது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். கடன் தருகிறேன் என்று வந்து, போனில் உள்ள தொடர்பு எண்களையெல்லாம் உருவிக்கொண்டு, குடும்பத்தினரை மிரட்டிய செயலிகளைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. அவற்றால் உயிர்கள் போயிருக்கின்றன. கடைக்காரர் வாசலில் ஒரு காவல் வைப்பதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் காவலில் மாட்டுவது யார் என்று பாருங்கள். மோசடிக் கும்பலுக்குப் பன்னிரண்டு போன்களை ஏற்பாடு செய்வது பெரிய காரியமில்லை. நிறுவனம் ஒன்றைப் பதிவு செய்வதும் அவர்களுக்குக் கடினமில்லை. திண்டாடுவது தனியாள்தான். அப்பா, அம்மா, அக்கா, மச்சான், இரண்டு கல்லூரி நண்பர்கள் என்று எண்ணினால் ஏழெட்டு தேறும். அதிலும் ஒருவர் ஐந்தாம் நாள் போனில் இடமில்லை என்று ஆப்பை நீக்கிவிடுவார். இப்போது பணம் வாங்கிக்கொண்டு சோதனையாளர்களைத் தருவதே ஒரு தனித் தொழிலாகிவிட்டது. 'உன் ஆப்பை நான் வைத்துக்கொள்கிறேன், என் ஆப்பை நீ வைத்துக்கொள்' என்ற பண்டமாற்றுக் குழுக்களும் வந்துவிட்டன. அவற்றில் யாரும் எதையும் சோதிப்பதில்லை. நாள் எண்ணுகிறார்கள், அவ்வளவுதான். தரத்துக்காக வந்த விதி தரத்தைப் பற்றி யாரும் பேசாத ஒரு சந்தையை உருவாக்கிவிட்டது.

ஆப் வெளியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது வருமானம். பலர் முதலில் தேர்ந்தெடுப்பது விளம்பரம். கூகுளின் ஆட்மாபில் கணக்குத் தொடங்கி, வருமானம் பத்து டாலரைத் தொட்டதும், முகவரியைச் சரிபார்க்க ஒரு ரகசிய எண் வரும். அது மின்னஞ்சலில் வராது. தபாலில் காகிதமாக வரும். பழைய எண், புதிய எண், பிளாட் எண், மனை எண் என்று ஒரே வீட்டுக்கு நான்கு எண்கள் இருக்கும் நம் புறநகர்த் தெருக்களில் அந்தக் கடிதம் வந்து சேர்வதே ஒரு சோதனை. நான்கு மாதத்துக்குள் எண்ணைப் பதிவு செய்யாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். பதிவு செய்தாலும் கையில் காசு வருவது நூறு டாலர் சேர்ந்த பிறகுதான். இந்தியப் பயனாளர் ஒருவர் பார்க்கும் விளம்பரத்துக்குக் கிடைப்பது அமெரிக்கப் பயனாளர் பார்ப்பதற்குக் கிடைப்பதில் சிறு பகுதியே என்பதால், நூறு டாலரை எட்டப் பல மாதங்கள் ஆகின்றன.

செயலிக்கே விலை வைத்தால் இன்னொரு சிக்கல். பணம் ஈட்டும் தனிநபர் டெவலப்பரின் முழு முகவரியையும் ப்ளே ஸ்டோர் பொதுவில் காட்டுகிறது. வாடிக்கையாளருக்கு விற்பவர் யார் என்று தெரிய வேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் பட்டறைக்காரரின் முகவரி எஸ்டேட்டில் உள்ள ஷெட்டின் முகவரி. மாடி அறைக்காரரின் முகவரி அவருடைய அம்மா அப்பா தூங்கும் வீடு. ஒரு பெண் தனியாக ஆப் எழுதி விற்க நினைத்தால், தன் வீட்டு வாசலை உலகுக்கே எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. பேச வேண்டும்.

மாதச் சந்தா வாங்கலாம் என்றால் அதிலும் ஒரு கதை. 2021 அக்டோபர் முதல் தேதியிலிருந்து, அட்டையில் தானாகப் பணம் எடுக்கும் முறைக்கு ரிசர்வ் வங்கி கூடுதல் அனுமதிகளைக் கட்டாயமாக்கியது. பயனாளருக்கு அது நல்ல பாதுகாப்பு. அதற்குத் தங்கள் வசதிகளை மாற்றிக்கொள்ளப் பெரிய நிறுவனங்களுக்கு ஆட்கள் இருந்தார்கள். சின்ன டெவலப்பர்களின் சந்தாக்கள் அந்த மாதமே பாதியில் அறுந்தன.

சரி, இத்தனைக்கும் பிறகு அந்த ஆப்பை யார் கண்டுபிடிப்பார்? அங்கேதான் நிஜமான போராட்டம் இருக்கிறது. வெளிநாட்டு டெவலப்பர்களைக் குறிவைப்பவர்கள் ப்ராடக்ட் ஹண்ட் என்ற தளத்தில் தங்கள் சேவையை வெளியிடுகிறார்கள். அங்கே ஒவ்வொரு நாளும் வெளியாகும் படைப்புகளுக்குப் பயனாளர்கள் வாக்களிக்கிறார்கள். அந்த நாள் கலிஃபோர்னியாவின் நள்ளிரவில் தொடங்குகிறது. நமக்கு அது கோடையில் பகல் பன்னிரண்டரை, குளிர்காலத்தில் ஒன்றரை. கம்பெனியில் மதிய உணவு நேரத்தில் தொடங்கி, வீடு திரும்பும் ரயிலில் தொடர்ந்து, இரவெல்லாம் கண்விழித்து, கேட்பவர்களுக்கெல்லாம் பதில் எழுதினால் ஒரு நாள் வெளிச்சம் கிடைக்கும். மறுநாள் வேறு பெயர்கள் மேலே வந்துவிடும்.

இதை வென்றவர்கள் எப்படி வென்றார்கள்? நம் ரயில் பாதைக்குத் தெற்கே, கீழ்க்கட்டளையில், 2010இல் கிரிஷ் மாத்ருபூதமும் ஷான் கிருஷ்ணசாமியும் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க்கை எடுத்துக்கொள்வோம். இருவரும் ஜோஹோவில் வேலை பார்த்தவர்கள். அந்த ஆண்டு, வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும் மென்பொருளை விற்றுவந்த ஜென்டெஸ்க் தன் விலையைக் கடுமையாக உயர்த்தியது. அதன் பயனாளர்கள் இணையத்தில் கொதித்தார்கள். நியாயமான விலைக்கு இதையே ஒருவர் செய்தால் சந்தை காத்திருக்கிறது என்று யாரோ ஒருவர் எழுதிய கருத்தைத் திருச்சிக்காரரான கிரிஷ் படித்தார். நிரல் எழுதுவதற்கு முன்பே, வாங்கக் காத்திருப்பவர் யார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பட்டறைக்காரரின் கைக்கு வந்த ட்ராயிங் போல என்று சொல்லலாம். 2011 ஜூனில் முதல் வாடிக்கையாளர் வந்தார்: ஆஸ்திரேலியாவில் உள்ள ஆட்வெல் காலேஜ் என்ற பள்ளி. கீழ்க்கட்டளைக்கும் அதற்கும் இடையே கடல்.

அந்த ஆண்டின் இறுதியில் ஜென்டெஸ்க் தரப்பிலிருந்து 'இது வெறும் நகல்' என்ற வசை பொதுவெளியில் வந்தது. கிரிஷ் ஒளிந்துகொள்ளவில்லை. 'ரிப்-ஆஃப் ஆர் நாட்' என்ற பெயரிலேயே ஒரு தளத்தைத் திறந்து, தங்கள் தரப்பை எழுதி, தீர்ப்பை உலகத்திடம் விட்டார். அதுவரை அவர்களைக் கேள்விப்படாதவர்களும் வந்து பார்த்தார்கள். விளம்பரத்துக்குப் பணம் இல்லாத ஒரு சின்ன அணிக்கு அதைவிடப் பெரிய விளம்பரம் கிடைத்திருக்காது. ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறிய அந்த நிறுவனம் 2021 செப்டம்பர் 22 அன்று நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது.

பெங்களூருவில் அபினவ் அஸ்தானா 2012இல் தன் சொந்தத் தேவைக்காக எழுதிய போஸ்ட்மேன் இன்னொரு விதம். ஒரு செயலி இன்னொரு செயலியோடு பேசுவதைச் சோதித்துப் பார்க்கும் சிறு கருவி அது. குரோம் உலாவிக்கான இலவச நீட்சியாக வெளியிட்டார். டெவலப்பர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிப் பரப்பினார்கள். 2014இல்தான் நிறுவனம் பிறந்தது. இன்று உலகில் பெரும்பாலான டெவலப்பர்களுக்குத் தெரிந்த பெயர்.

இந்த இரண்டு கதைகளையும் எல்லா ஊக்கப் பேச்சாளர்களும் சொல்கிறார்கள். மூன்றாவது கதையைச் சொல்வதில்லை. எனக்கு அதுதான் முக்கியம். வடசென்னையில் வளர்ந்த முருகவேல் ஜானகிராமன் 1997இல், அமெரிக்காவில் மென்பொருள் வேலை பார்த்துக்கொண்டே, தமிழர்களுக்காக ஒரு இணையதளம் தொடங்கினார். அதில் வரன் பகுதிக்குத்தான் கூட்டம் வந்தது. அதையே பிரித்தெடுத்து வளர்த்தார். பாரத் மேட்ரிமோனி உருவானது. 2017இல் பங்குச் சந்தைக்கும் வந்தது. நம் மாடி அறைக்காரர் கனவு காணும் எல்லாப் படிகளையும் ஏறி முடித்தவர் அவர்.

கூகுள் தன் ப்ளே ஸ்டோர் வழியாக நடக்கும் டிஜிட்டல் விற்பனைக்கு 15 முதல் 30 சதவீதம் கட்டணம் கேட்கிறது. இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் இந்தக் கட்டண முறை தொடர்பாக அதற்கு 936.44 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அதன்பின் கூகுள் வேறு வழியில் பணம் செலுத்தவும் அனுமதித்தது, ஆனால் அதற்கும் 11 முதல் 26 சதவீதம். முருகவேலின் நிறுவனமும் வேறு சிலவும் சென்னை உயர் நீதிமன்றம் போயின. 2023 ஆகஸ்டில் அவர்களின் மனுக்கள் தள்ளுபடியாயின. மேல்முறையீடும் பலிக்கவில்லை. உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது. 2024 மார்ச் 1 அன்று, கட்டணம் செலுத்தவில்லை என்று சொல்லி, பாரத் மேட்ரிமோனி உட்படப் பத்து இந்திய நிறுவனங்களின் செயலிகளைக் கூகுள் கடையிலிருந்து எடுத்துவிட்டது. மத்திய அரசு தலையிட்டுப் பேசிய பிறகு சில நாளில் அவை திரும்பி வந்தன. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025 மார்ச்சில் அபராதத்தை 216.69 கோடியாகக் குறைத்தது.

பெயர் பெற்ற, வழக்கறிஞர்கள் உள்ள, அமைச்சர் தொலைபேசியை எடுக்கக்கூடிய ஒரு நிறுவனத்துக்கே ஒரு வெள்ளிக்கிழமை கடை மூடிப்போனது. கள்ளிக்குப்பத்துக்காரரின் கணக்கு முடக்கப்பட்டால் அவருக்கு வருவது ஒரு தானியங்கி மின்னஞ்சல். 'முன்பு தடை செய்யப்பட்ட கணக்கோடு தொடர்புடையது' என்பது டெவலப்பர்கள் அடிக்கடி சொல்லும் காரணங்களில் ஒன்று. ஒரே வீட்டு வைஃபையை நான்கு பேர் பகிரும் இந்தப் பகுதியில் அந்தத் தொடர்பு எங்கிருந்து வந்தது என்று எப்படி நிரூபிப்பது? மேல்முறையீட்டுக்கும் ஒரு படிவம்தான். முகம் பார்த்துப் பேச யாரும் இல்லை.

முருகவேல் போன்றவர்கள் தங்கள் செயலி நீக்கப்பட்ட பிறகு என்ன செய்தார்கள் என்பதைவிட, அதற்கு முன்பே என்ன செய்தார்கள் என்பதைக் கவனியுங்கள். இந்தியத் தொழில்முனைவோர் பலர் சேர்ந்து ஏ.டி.ஐ.எஃப். என்ற கூட்டமைப்பை உருவாக்கினார்கள். போட்டி ஆணையத்திலும் நீதிமன்றத்திலும் அது சேர்ந்து நின்றது. பெரியவர்களுக்குச் சங்கம் இருக்கிறது. சின்னவர்களுக்கு இல்லை.

அம்பத்தூருக்கு இது புதிய பாடம் அல்ல. எஸ்டேட்டின் பட்டறைக்காரர்களும் ஒரு காலத்தில் தனித்தனி ஷெட்டில் தனித்தனியாகத்தான் இருந்தார்கள். ஐமா என்று எல்லாரும் அழைக்கும் அம்பத்தூர் எஸ்டேட் உற்பத்தியாளர் சங்கம் அவர்களைச் சேர்த்தது. மின்வெட்டு, சாலை, கழிவுநீர் என்று எல்லாவற்றுக்கும் அரசிடம் பேச ஒரு வாய் கிடைத்தது. பெரிய ஆலைகளின் கண்ணில் படச் சின்னவர்களுக்கு வழியில்லை என்றபோது, அந்தச் சங்கமே ஒரு கண்காட்சியைத் தொடங்கியது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடக்கும் ஆக்மி இயந்திரக் கண்காட்சி அதுதான். இன்று வெளிநாட்டு நிறுவனங்களும் அங்கே வந்து கடை போடுகின்றன. தன் பொருளை உலகத்திடம் காட்டும் மேடையைத் தானே கட்டிக்கொண்ட ஊர் இது.

அதே எஸ்டேட்டில் இன்று தரவு மையங்கள் எழுந்து நிற்கின்றன. 2023இல் ஜப்பானின் என்.டி.டி., 2024 ஜனவரியில் ரிலையன்ஸ் பங்குதாரராக உள்ள டிஜிட்டல் கனெக்‌ஷன் என்று வரிசையாக வந்தன. ஜன்னல் குறைந்த பெரிய கட்டடங்கள், உள்ளே உலகத்தின் செயலிகள் ஓடும் சர்வர்கள். பட்டாபிராமில் 330 கோடி ரூபாய் செலவில் 21 மாடி டைடல் பூங்காவை 2024 நவம்பரில் முதலமைச்சர் திறந்துவைத்தார். கட்டடங்களுக்குக் குறைவில்லை. அவற்றில் எதிலும் தனியாக ஆப் எழுதுகிறவருக்கு ஒரு நாற்காலி ஒதுக்கப்படவில்லை. அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் பத்து லட்சம் ரூபாய் ஆதார நிதி தருகிறது, நல்ல திட்டம். ஆனால் அது நிறுவனமாகிவிட்டவர்களுக்கு. நிறுவனம் ஆவதற்கு முன்னுள்ள இரண்டு மூன்று ஆண்டுகளில்தான் நம் ஆட்கள் கைவிட்டுவிடுகிறார்கள்.

ஆகவே கொரட்டூரிலிருந்து பட்டாபிராம் வரை, பூந்தமல்லியிலிருந்து திருவேற்காடு வரை மாடி அறைகளில் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இது: ஒரு சங்கம் தொடங்குங்கள். பதின்மூன்று பேர் சேர்ந்தால், ஒவ்வொருவருக்கும் மற்ற பன்னிரண்டு பேர் சோதனையாளர்கள். நாள் எண்ணாமல் உண்மையாகவே பயன்படுத்திப் பார்த்து, எங்கே இடறுகிறது என்று முகத்துக்கு நேரே சொல்லும் பன்னிரண்டு பேர். ஒருவருக்குக் கணக்கு முடங்கினால் எல்லாரும் சேர்ந்து எழுதலாம். ஜி.எஸ்.டி.க்கும் வெளிநாட்டுப் பணத்துக்கும் ஒரே ஆடிட்டரைப் பிடிக்கலாம். பெண்கள் தங்கள் வீட்டு முகவரியை வெளியிடாமல் தொழில் செய்ய ஒரு பொது அலுவலகம் வைக்க முடியுமா என்று வழக்கறிஞரிடம் கேட்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை அம்பத்தூர்க் கடைக்காரர்களையும் பட்டறைக்காரர்களையும் கூப்பிட்டு, நீங்கள் செய்ததைக் காட்டி, அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்கலாம். எஸ்டேட்டில் இன்னும் நோட்டுப் புத்தகத்தில் ஜாப் ஒர்க் கணக்கு எழுதும் பட்டறைகள் ஏராளம். உங்கள் முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவில் இருக்க வேண்டிய அவசியமில்லை. பட்டாபிராம் டைடலில் மாதம் ஒரு நாள் மாலை ஒரு அறை தாருங்கள் என்று சங்கமாகப் போய்க் கேட்டால், அதிகாரிகள் மறுப்பது கடினம்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி ஒரு சங்கத்தைப் பதிவு செய்ய ஏழு பேர் போதும். உங்களில் யாராவது தொடங்கினால் இந்தப் பத்திரிகை முகவரிக்கு எழுதுங்கள். கூட்டத்தின் நாளையும் இடத்தையும் இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.

(தொடரும்)